நப்பசலையார் கண்ட கரை
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

நெய்தலைப் பாடாத தமிழ்க் கவிஞர் அரியர். கானல், கழி, தாழை, புன்னை, ஞாழல், அடும்பு என்னும் சொற்கள் எழுதுகோலை எடுத்த மாத்திரத்தில் வரிசை கட்டி வந்து நிற்கும். ஆயினும் அடும்பு எது எனக் கரையில் காட்டச் சொன்னால் கை நீட்டத் தயங்குவோரே மிகுதி. கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே எந்தக் குப்பத்துக் கரையில் இறங்கினாலும், ஆட்டின் குளம்படி போல நுனி பிளந்த இலையும் ஊதா நிறப் பூவுமாக மணல்மேட்டின் மேல் ஓடிக் கிடக்கும் கொடி அதுவே. அடப்பங்கொடி என்பர் கரையோர மக்கள். அகராதியில் பொருள் தேடப்படும் அச்சொல் காலடியில் மிதிபட்டுக் கிடக்கின்றது.

அந்தக் கொடியினூடே இரவில் நடந்து, கடலாமையைத் தேடும் வழக்கம் ஒன்று சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட கரையில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இருந்து வருகின்றது. முன்பனியில் தொடங்கிக் கோடையில் முடியும் அந்த நடைகளைப் பற்றியதே இவ்வுரை. இலக்கிய மேடையில் ஆமைக்கு என்ன வேலை என்னும் ஐயம் எழலாம். விடை அகநானூற்றில் இருக்கின்றது.

அகநானூற்றின் 160 ஆம் பாடல் குமிழி ஞாழலார் நப்பசலையார் பாடியது. தோழி கூற்றாக அமைந்த அப்பாடலில் தலைவனது நிலத்தைச் சொல்ல வந்த புலவர் ஓர் ஆமையைக் காட்டுகின்றார். நிறைசூல் கொண்ட ஆமை அடும்பங்கொடி சிதையும்படி இழுத்து, உப்பங்கழியை அடுத்த வெண்மணல் குவியலின் பக்கத்தில் முட்டைகளை இட்டு மறைத்துப் புதைக்கின்றது. அம்முட்டைகள் யானைக் கோட்டினால் கடைந்த வட்டுக்காய் போன்ற உருவின, புலால் நாறுவன. குஞ்சு வெளிப்படும் வரை பிளந்த வாயை உடைய ஆண் ஆமை அவற்றைக் காத்துக் கிடக்கின்றது. சில அடிகளில் இவ்வளவும் சொல்லி முடித்துத் தலைவனிடம் சென்றுவிடுகின்றார் புலவர்.

இதில் எவ்வளவு கண்ணால் கண்டது, எவ்வளவு கருத்தால் படைத்தது? ஏட்டை வைத்துக்கொண்டு இதற்கு விடை கூற இயலாது. உரையாசிரியர்களும் கூற முயன்றதில்லை. கரைக்குப் போனால் ஓரிரவில் தெரிந்துவிடும்.

இக்கரைக்கு வருவது பெரும்பாலும் ஒரே இனம். மீனவர் அதனைப் பங்குனி ஆமை என்பர். நூல்களில் சிற்றாமை என்றும் எழுதுவர். இரண்டு அடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும் நாற்பது கிலோ அளவு எடையும் உடையது. கடலாமைகளுள் சிறியதாதலின் சிற்றாமை. சனவரியில் வரத் தொடங்கினாலும் பங்குனியோடு சேர்த்தே மீனவர் அதற்குப் பெயர் வைத்திருக்கின்றனர். பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை, பெருந்தலை ஆமை என்று பிற இனங்களுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அவற்றுள் ஒன்றையேனும் அறிந்த கவிஞர் எத்தனை பேர் என்று இங்கே கேட்டு எவரையும் சங்கடப்படுத்த வேண்டியதில்லை.

1970-களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த இளைஞர் சிலர் இக்கரையில் இரவில் நடந்து முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கத் தொடங்கினர். அப்பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகர் அவர்களுள் ஒருவர். சதீஷ் பாஸ்கர் மற்றொருவர். பின்னர் இந்தியக் கரை முழுவதையும் கால்நடையாக ஆராயத் தலைப்பட்ட பாஸ்கர், 1982 இல் இலட்சத்தீவுகளில் ஆளில்லாத் தீவொன்றில் மழைக்காலம் முழுவதும் தனியே தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைக் குப்பியில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது 24 நாளில் இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவரால் அஞ்சலில் சேர்க்கப்பட்டது. தூது இலக்கியம் பாடியோர் அன்னத்தையும் மேகத்தையும் தேடியலைந்திருக்க, இவருக்குக் கடலே தூது போயிற்று. பாஸ்கர் 2023 இல் மறைந்தார்.

1988 இல் சென்னைக் கல்லூரி மாணவர் சிலர் கூடி மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பை ஏற்படுத்தினர். அன்று தொடங்கிய நடை இன்றும் நிற்கவில்லை. பருவத்தில் நாள்தோறும் தொண்டர்கள் நடப்பர். வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்வர். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். கட்டணம் இல்லை, சிற்றுண்டி இல்லை, இருக்கையும் இல்லை. நள்ளிரவுக்குச் சற்று முன் கூடி, ஆமையைப் பற்றிச் சில செய்திகளைக் கேட்டுவிட்டு, விடியுமுன் நடந்து முடிப்பர். மாணவர் என்பது பெயரளவில் நிற்க, அலுவலர், இல்லத்தரசியர், பள்ளிச் சிறுவர், ஓய்வு பெற்றோர் எனப் பலரும் அந்த வரிசையில் நடந்திருக்கின்றனர்.

நடையின் முதல் விதி, விளக்கு கூடாது என்பது. கைவிளக்கும் கைப்பேசி வெளிச்சமும் தடை. வெளிச்சம் கண்டால் கரையேறும் ஆமை திரும்பிக் கடலுக்குள் சென்றுவிடும். ஆகவே முதல் அரைமணி நேரம் தடுமாற்றம்தான். வலைக் கயிறு காலில் சிக்கும். ஈரமணலில் பாதம் புதையும். முன்னே செல்பவரின் முதுகே வழிகாட்டி. பின்னர்ச் சிறிது சிறிதாகக் கண் பழகும். அலையின் நுரை வெளுப்பாய்த் தெரியும். வானத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கோடு உண்டென்பது தெரியும். நிலத்தைவிடக் கடல் வெளிச்சமானது என்று அப்போதுதான் விளங்கும். மின்விளக்கின் கீழ் வளர்ந்தவர் பலருக்கு அது புதுச் செய்தி. குஞ்சாமைக்கு அது பிறவியறிவு; மணலைவிட்டு வெளிவந்தவுடன் எப்பக்கம் வெளிச்சமோ அப்பக்கமே கடல் என்று ஓடும்.

இரண்டாவது செய்தி, நடக்கச் சென்ற பெரும்பாலோர் ஆமையைக் காண்பதில்லை என்பது. மறைக்காமல் சொல்லிவிடுவதே நலம். வரிசையாக நான்கு ஆண்டு நடந்தும் உயிருள்ள ஆமை ஒன்றையும் காணாதவர் உண்டு. முதல் இரவிலேயே கண்டவரும் உண்டு. ஆமை வந்துபோன தடத்தைக் காண்பதே பலருக்குக் கிடைக்கும் பேறு. சிற்றாமை துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றி நகர்வதால் தடமும் இடம் வலமாக மாறி மாறி விழுந்திருக்கும். ஒற்றைத் தடமானால் ஆமை இன்னும் மேலே இருக்கின்றது. இரட்டைத் தடமானால் இட்டுவிட்டுத் திரும்பிவிட்டது. இரண்டும் கூடும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். பழகிய தொண்டர் ஒரு கோலை மெல்ல ஊன்றி, மணல் நெகிழும் இடத்தைக் கையுணர்வால் அறிந்து, தோண்டத் தொடங்குவார். முழங்கை ஆழத்தில் விரலுக்கு முட்டை தட்டுப்படும்.

இனி நப்பசலையாரிடம் வருவோம். குழியிலிருந்து எடுத்த முட்டை மேசைப்பந்தளவு உருண்டை, வெள்ளை, உள்ளங்கையில் வைத்தால் பழகிய தந்தத்தின் மங்கிய பளபளப்பு. கோழிமுட்டை போல ஒருபுறம் கூர்ந்திராது. கோட்டு வட்டு என்னும் உவமை வீட்டிலிருந்து கற்பித்ததன்று. புலால் நாற்றமோ முட்டையை மூக்கருகே கொண்டுவந்தவருக்கன்றித் தெரியாத நுட்பம்; புலவர் அதனையும் சொல்கின்றார். அடும்பு படர்ந்த மணல்மேடும் அவ்வாறே. அலை எட்டாத உயரத்தில் கொடி வேர்விட்டிருக்கும். அங்குதான் ஆமையும் குழி தோண்டும். முன் துடுப்பால் மேல்மணலை வாரி எறியும்போது கொடி அறுந்து சிதையும். மறைத்துப் புதைப்பதும் கண்கூடு. பின் துடுப்பால் மணலைத் தள்ளி மூடி, உடலை இடமும் வலமும் மாற்றி மாற்றி மோதி மணலை இறுக்கும். இருளில் சில அடி தொலைவில் அமர்ந்திருப்பவருக்கு அந்த மோதல் ஒலி நன்றாகவே கேட்கும். முட்டையிடும்போது கண்ணிலிருந்து நீர் வழியும். கன்றை ஈன்ற தாயின் கண்ணீரென்று உருகிப்போவார் உண்டு. உடலில் மிகுந்த உப்பை வெளியேற்றும் சுரப்பி அது. கடலுக்குள் இருக்கும்போதும் அந்நீர் சுரந்துகொண்டேதான் இருக்கும். உருகியவரைத் தொண்டர் எவரும் நகைப்பதில்லை.

இத்தனையும் சரியாகச் சொன்ன புலவர் ஓரிடத்தில் மாறுகின்றார். ஆண் ஆமை கரையேறுவதில்லை. குஞ்சாய்க் கடலில் இறங்கிய ஆண் அதன்பின் மணலைத் தொடுவதே அரிது. காவல் இருப்பதில்லை. பெண்ணும் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பிப் பாராமல் கடலில் இறங்கிவிடுகின்றது. நூறு முதல் நூற்றிருபது முட்டைகள் வரை தாயும் தந்தையும் இன்றி மணலின் வெப்பத்திலேயே கிடந்து, 45 முதல் 60 நாள்களில் தாமே பொரிகின்றன. மணல் மிகச் சுட்டால் பெண்ணே மிகுதியாகும், குளிர்ந்தால் ஆண்.

பழந்தமிழில் ஆமை வரும் பிற இடங்களையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். ஐங்குறுநூற்றின் 44 ஆம் பாடலில் பொய்கையில் வாழும் ஆமையின் குஞ்சு தாயின் முகத்தைப் பார்த்தே வளர்வதாக ஓரம்போகியார் கூறுகின்றார். குறுந்தொகை 152 இல் கிள்ளிமங்கலங்கிழார் ஒருபடி மேலே சென்று, காதலர் கைவிட்டால் காமம் தாயில்லா முட்டை போல உள்ளேயே கிடந்து அழியும் என்கின்றார். மீன் பார்வையாலும், ஆமை நினைவாலும், பறவை தழுவலாலும் முட்டையைப் பேணும் என்பதைக் கொண்டு சைவ நூலோர் தீக்கை வகைகளை விளக்கினர். வள்ளுவரோ ஐம்புலனடக்கத்துக்கு ஆமையை உவமையாக்கினார். கடலாமைக்குத் தலையையும் துடுப்பையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை என்பதை இரவு நடையில் கேட்டறிந்த தமிழாசிரியர் திகைப்பது இயல்பே. வள்ளுவர் கண்டது குளத்து ஆமை. ஆமை என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை உயிர்கள் அடங்கியிருக்கின்றன என்பது அப்போது விளங்கும்.

இவற்றைப் பிழையெனப் பட்டியலிடுவது நோக்கமன்று. கிள்ளிமங்கலங்கிழாரின் உவமையைப் படித்தவர், அடுத்துத் தாயில்லா முட்டைகள் நூறு மணலைப் பிளந்துகொண்டு வெளிவருவதைக் காண நேர்ந்தால், பாட்டின் துயரம் குறைந்துவிடுவதில்லை. கூடவே இன்னொரு பாட்டுக்கும் இடம் பிறக்கின்றது. அந்தப் பாட்டை எழுதவேண்டியவர் இவ்வவையில் இருக்கலாம். ஆண் ஆமை காத்துக் கிடக்கும் காட்சி நப்பசலையாருக்கு எங்கிருந்து வந்தது? கரைக்குச் சற்று அப்பால் இணைந்து மிதக்கும் ஆமைகளைப் பரதவர் சொல்லக் கேட்டிருக்கலாம். தலைவனைக் காவலனாகக் காட்டவேண்டிய தேவையும் தோழிக்கு இருந்தது. இரண்டில் முன்னதே பொருந்துவதாகத் தோன்றுகின்றது. கரையைப் பாடிய புலவர் கரைவாழ்நரிடம் கேட்டறிந்தே பாடியிருக்க வேண்டும்.

உண்மையில் இந்த நடைகளின் வேர் இங்குதான் இருக்கின்றது. படித்த இளைஞர் வந்து மீனவருக்கு ஆமையைக் காட்டினர் என்று எண்ணுவது தலைகீழ்ப் பார்வை. தடத்தைப் படிக்கவும், கோல் ஊன்றி முட்டையிருக்கும் இடத்தை அறியவும் முதலில் தெரிந்திருந்தவர் முட்டையை எடுத்து விற்றும் தின்றும் வந்த கரையோர மக்களே. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமை இடம்பெற்றபின் முட்டை எடுப்பது குற்றமாயிற்று. எடுத்த கையே பின்னர்க் காத்தது. வனத்துறையும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் பொரிப்பகங்களில் குப்பத்து இளைஞர்கள் இரவுக் காவலிருக்கின்றனர். ஒரு குழியின் முட்டைகளை எடுத்த சில மணி நேரத்துக்குள், உருட்டாமல் குலுக்காமல் கொண்டுவந்து, அதே ஆழத்தில், குடம் போல் வாய் குறுகி வயிறு அகன்ற குழி தோண்டி இடுகின்றனர். நேரம் கடந்தால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டத் தொடங்கிவிடும். அதன்பின் புரட்டினால் இறந்துபோகும். நாளையும் எண்ணிக்கையையும் எழுதிய அட்டை ஒவ்வொரு குழிக்கும் உண்டு. நாய், நரி, காக்கை, நண்டு என நான்கு பகை. சங்கப் பெண்கள் ஆட்டி விளையாடிய அலவன்தான் குஞ்சாமையைக் காலைப் பிடித்து வளைக்குள் இழுத்துச் செல்கின்றது.

செங்கற்பட்டுச் சீமைக்கு இத்தகைய மாற்றம் புதிதன்று. பாம்புத் தோலுக்காக வேட்டையாடிய இருளர், தோல் வணிகம் தடைப்பட்டபின் 1978 இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து மருந்துக்குத் தருவோராயினர். 1976 இல் அங்குத் தோன்றிய முதலைப் பண்ணைக்கு வருவோர், இருளர் நஞ்செடுக்கும் காட்சியைக் கண்டுதான் பாம்பின் மேலிருந்த அச்சத்தைப் பாதியாவது விட்டனர். அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017 இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பெற்று, அங்குள்ளோர் காணத் தவறிய மலைப்பாம்புகளைத் தடம் பார்த்தே கண்டுபிடித்தனர்; முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள் சிக்கின. 2023 இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பெற்றது. தண்டரையில் 1986 முதல் இயங்கும் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகைகளைக் காத்து வளர்த்து வருகின்றது. அப்பெண்களோடு ஒரு காலைப்பொழுது புதர்க்காட்டில் நடந்தவருக்குக் குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியல் வேறுவிதமாகப் படும். வேடந்தாங்கலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பறவைகளைச் சுடக்கூடாதென ஊரார் கேட்டுப் பெற்ற உரிமைப் பட்டயம் 1798 ஐச் சேர்ந்தது.

இவ்வளவு வழிகாட்டிகள் சுற்றிலும் இருக்கக் கோடை விடுமுறையில் கல்பாக்கத்துப் பிள்ளைகள் எங்கே போகின்றனர்? மாமல்லபுரத்துக் கடைத்தெருவுக்கு. அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் வழங்கும் அந்தப் பாறையில், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானைச் செதுக்கிய சிற்பி எத்தனை நாள் மானைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான் என்பதைக் கூட்டிச் சென்றவர் சொல்வதில்லை. நேரமும் இருப்பதில்லை.

கல்பாக்கத்தின் நில அமைப்பு தனித்தன்மை உடையது. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கழியும், அருகே சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, தெற்கே பல்லவர் கல்வெட்டுடைய வாயலூர், அதனருகே பாலாறு கடலோடு கலக்கும் முகம். 1983 இல் முதல் அணு உலை இயங்கத் தொடங்கிய பிறகு நாட்டின் பல மாநிலத்தவரும் குடியேறிய நகரியம் இங்கு வளர்ந்தது. வளாகத்தை ஒட்டிய கரை காவலுக்குரியது. அங்கே பொதுமக்கள் நடக்க இயலாது. அதற்கு வடக்கும் தெற்கும் குப்பங்கள் இருக்கின்றன. நகரியத்தில் இருபது ஆண்டு வாழ்ந்தும், அரை மைல் தொலைவிலுள்ள குப்பத்து மீனவர் ஒருவரோடு கடலைப் பற்றி ஒருமுறையும் பேசாதவர் உண்டு. 26-12-2004 அன்று கடல் இரண்டு பக்கத்தையும் வேறுபாடின்றி அடித்தது. அப்போது சில நாள்கள் பேசிக்கொண்டனர்.

ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் பல இடங்களில் சவுக்கு நடப்பட்டது. அலைத் தடுப்பு என்பது நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் அலைவரம்பு வரை நெருக்கி நட்ட இடங்களில் ஆமைக்கு மணல் இல்லாமற் போயிற்று. அடும்பும் இராவணன் மீசைப் புல்லும் சவுக்குச் சருகின் கீழ் மறைந்தன. இதை முதலில் கண்டு சொல்லக்கூடியவர் கரையில் நடப்பவரே. கோப்பில் பார்த்தால் கரை பசுமையாகத்தான் தெரியும். விளக்கும் அப்படித்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளும் வீடுகளும் நகரியங்களும் இரவெல்லாம் ஒளிவீச, குஞ்சுகள் கடலுக்கு முதுகு காட்டிச் சாலையை நோக்கி ஓடுகின்றன. பருவத்து மாதங்களில் கடலை நோக்கிய விளக்கை அணைப்பதும், அணைக்க முடியாததை மறைப்பதும் செலவில்லாத செயல். அந்தக் கோரிக்கையைக் குப்பத்தாரும் நகரியத்தாரும் சேர்ந்து ஒரே தாளில் கையொப்பமிட்டுக் கேட்டால் மறுப்பவர் யார்?

பங்குனியில் இட்ட முட்டை சித்திரையிலும் வைகாசித் தொடக்கத்திலும் பொரியும். பள்ளி விடுமுறையும் அப்போதே. குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைகளில் சென்னைக் கரையில் கூட்டம் திரள்கின்றது. கூடையைக் கவிழ்த்தவுடன் உள்ளங்கைக்குள் அடங்கும் கரிய உயிர்கள் அலையை நோக்கி ஓடுவதைக் கண்டு குழந்தைகள் கூவுகின்றனர். மகிழத்தக்க காட்சியே. ஆயினும் கயிற்றைத் தாண்டி முன்னே வருவோரும், படமெடுக்க ஒளி பாய்ச்சுவோரும், தொட்டுப் பார்க்க ஆசைப்படுவோரும் அங்கே மிகுதி. பத்து நிமிடத்தில் வேண்டியது கிடைத்துவிடுவதால் எவரும் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஏழு கிலோமீட்டர் நடந்து ஒன்றும் காணாமல் திரும்பியவரிடம் உள்ள பணிவு அந்தக் கூட்டத்திடம் இருப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகளை இரண்டுக்கும் அழைத்துச் செல்லலாம். ஒன்றுக்கு மட்டுமே இயலுமானால் இரவு நடையே மேல்.

ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து திரும்பும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. திரும்புவது பெண்ணாயின் தான் பிறந்த கரைப்பக்கமே வரும். அவ்வாறு பல்லாண்டு கழித்துத் திரும்பி வந்தவைதாம் 2025 சனவரியில் செத்துக் கரை ஒதுங்கின. அம்மாதத்தில் மட்டும் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளையும் அடுத்த பகுதிகளையும் சேர்த்து ஆயிரத்துக்கு மேற்பட்ட உடல்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ஆமை நீரில் வாழினும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய உயிர். இழுவைமடிக்குள் சிக்கினால் மணிக்கணக்கில் இழுபட்டு, மூச்சின்றி மடிகின்றது. பருவத்தில் முட்டையிடும் கரைகளை ஒட்டி 5 கடல் மைல் எல்லைக்குள் இழுவைமடி கூடாதென விதி உண்டு. வலையில் ஆமை வெளியேற வழிவிடும் விலக்கு அமைப்பும் உண்டு. மீனும் இறாலும் அவ்வழியே தப்பிவிடுமென்று அதனைப் பொருத்தத் தயங்குவோரும் உண்டு. வயிற்றுப் பிழைப்பின் கணக்கு அது. கரையில் நின்று ஏசுவதால் தீராது. ஆனால் பெரும்படகின் பிழையை நாட்டுப்படகுக் குப்பத்தின் தலையில் சுமத்துவது அறியாமை. வலையில் வந்த ஆமையை வணங்கிக் கடலில் விடும் மீனவர் இக்கரையில் இன்றும் உள்ளனர். ஆமை புகுந்த வீடு விளங்காது என்னும் பழமொழியை அவர்கள் உண்டாக்கியிருக்க மாட்டார்கள்.

அந்தச் சனவரியில் நடந்தோர் கண்டது இதுதான்: தடம் தேடிய கண்ணுக்குத் தடம் இல்லை, அலை கொண்டுவந்து போட்ட உடல்கள், சிலவற்றின் வயிற்றில் முட்டைகளோடு. உடலை அளந்து, குறித்துக்கொண்டு, அடுத்ததற்கு நடந்தனர். நிறைசூல் யாமை என்று புலவர் சொன்ன சொல்லுக்கு அகராதிப் பொருளைத் தவிர வேறொன்றும் எஞ்சாத காலம் வரலாகாது என்றால், கரையில் நடக்கும் ஆள்களின் எண்ணிக்கை கூடவேண்டும். அதற்குக் கல்பாக்கமும் விலக்கன்று.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு கருத்து வைக்கப்படுகின்றது. பதினோராம் ஆண்டிலிருந்து கோடைதோறும், வனத்துறையின் இசைவு பெற்று, குப்பத்து முதியவர் ஒருவரும் பொரிப்பகக் காவலர் ஒருவரும் முன்நடக்க, உறுப்பினரும் அவர்தம் பிள்ளைகளும் பின்தொடர ஓரிரவு நடை அமையலாம். இருபது பேருக்கு மேல் வேண்டாம். முன்நடப்பவருக்கு உரிய ஊதியம் வட்டத்தின் நிதியிலிருந்து தரப்பட வேண்டும். பொன்னாடை மட்டும் போதாது. வாடை, கொண்டல், கச்சான் என்று அவர் காற்றைப் பெயர்சொல்லிப் பிரிக்கும்போது குறித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். மறுநாள் காலை எழுதிவைக்கலாம். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள 61 நாள்களில் கடல் சற்று அமைதியாக இருக்கும். கரையில் பேசுவதற்கு மீனவருக்கும் சற்றுப் பொழுது கிடைக்கும்.

நடைக்கு நடுவே, நடப்போர் களைத்து மணலில் அமரும் நேரத்தில், கவியரங்கம் நடத்தலாமென்று செயற்குழுவினர் சிலர் விரும்புவதாகத் தெரிகின்றது. தடையில்லை. ஒன்றை மட்டும் கவிஞர்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று. அங்கே விளக்கு கிடையாது. கைப்பேசியும் எடுக்க இயலாது. தாளைப் பார்த்து வாசிக்கும் வழக்கமுடையோர் தத்தம் பாடல்களை மனப்பாடம் செய்துகொண்டு வரவேண்டியிருக்கும். குரலும் தாழ்ந்தே இருக்க வேண்டும்.